மணி அடித்தால் திரும்பும் திரவங்கள்

இன்று பாடத்தைக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம்.

காந்தத்தை ஒரு தம்ளரில் ஊற்ற முடியுமா?

"ஏன் முடியாது? இரும்பை உருக்கினால் திரவம் ஆகிறதே! காந்தத்தையும் உருக்கிவிட்டால் போச்சு!" என்று நீ சொன்னால், சபாஷ்! யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். யோசித்ததற்கே உனக்கு ஒரு தட்டிக்கொடுப்பு.

ஆனால் இரும்பு அவ்வளவு சுலபமாக மசியாது. அதைச் சூடாக்கிக்கொண்டே போனால், 770 டிகிரி செல்சியஸ் வந்ததும் காந்தத்தோடு ஒட்டுவதை அது நிறுத்திவிடும். இரும்பு உருகுவதற்கோ 1,538 டிகிரி வேண்டும். உருகுவதற்கு வெகு முன்னாலேயே காந்தக் குணம் போய்விடுகிறது, பார்த்தாயா?

ஏன் போகிறது? இரும்புக்குள் இருக்கும் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான் இரும்புத் துண்டு முழுவதும் காந்தமாகும். சூடு ஏற ஏற அணுக்கள் ஆட்டம் போடும். ஆட்டம் மிஞ்சினால் வரிசை குலைந்துவிடும். வரிசை அடியோடு குலையும் அந்தச் சூட்டுக்குக் 'கியூரி வெப்பநிலை' என்று பெயர். பிரெஞ்சு விஞ்ஞானி பியர் கியூரியின் நினைவாக வைத்த பெயர் அது.

காந்தத்தின் பலம் பரவியிருக்கும் இடத்தைப் 'புலம்' என்போம். புலம் வரிசைப்படுத்தும், சூடு வரிசையைக் குலைக்கும். இந்த ஒரு வரியை மட்டும் மனசில் பத்திரமாக வைத்துக்கொள். இன்று நாம் பார்க்கப்போவது எல்லாம் இந்த இரண்டுக்கும் நடக்கும் போட்டிதான்.

ராக்கெட்டுக்காகப் பிறந்த கறுப்புத் திரவம்

உருக்குகிற வழி அடைபட்டுவிட்டது. வேறு வழி உண்டா? உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டீவ் பேப்பல். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் இருந்த நாசா ஆய்வு மையத்தில் வேலை பார்த்தார். ஆண்டு 1963.

அவருக்கு ஒரு தலைவலி. விண்வெளியில் எடையே தெரியாது அல்லவா? ராக்கெட்டின் தொட்டிக்குள் எரிபொருள் அடியில் தங்காமல் அங்கும் இங்கும் மிதக்கும். குழாயின் வாய்க்கு வந்தால்தானே பம்பு அதை உறிஞ்ச முடியும்? எரிபொருளைக் காந்தத்தால் இழுத்து வாய்க்குக் கொண்டுவந்தால் என்ன என்று பேப்பல் யோசித்தார்.

எரிபொருள் காந்தத்துக்கு மசியாது. அதனால் காந்தத்துக்கு மசிகிற ஒன்றை அதில் கலந்தார். அதன் பெயர் மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கறுப்புத் தாது.

மேக்னடைட்டை உனக்கு முன்பே தெரியும். ஆற்று மணலில் காந்தத்தைப் புரட்டி எடுத்திருக்கிறாயா? அதன் முனையில் கறுப்பாகத் தூள் ஒட்டிக்கொண்டு வருமே, அதில் பெரும்பகுதி மேக்னடைட்தான். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலைப் பாறைகளிலும் இது உண்டு.

சரி, அந்தத் தூளை அப்படியே எண்ணெயில் போட்டால் காந்தத் திரவம் தயாரா? இல்லை. கொஞ்ச நேரத்தில் தூள் அடியில் படிந்துவிடும். மேலே வெறும் எண்ணெய்தான் நிற்கும்.

பேப்பல் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தூளைத் திரவத்தோடு சேர்த்து, நாள்கணக்கில் அரைத்தார். அரைத்து அரைத்து, ஒவ்வொரு துகளும் சுமார் 10 நானோமீட்டர் அளவுக்கு வரும்வரை விடவில்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். உன் தலைமுடி ஒன்றின் குறுக்கே இந்தத் துகள்களை நெருக்கி அடுக்கினால் ஆயிரக்கணக்கில் நிற்கும். அவ்வளவு பொடி!

இவ்வளவு பொடியான துகள் ஏன் அடியில் படிவதில்லை? எண்ணெயின் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. சூட்டினால் எப்போதும் துள்ளிக்கொண்டே இருக்கும். துகளை எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளும். பெரிய துகளுக்கு அந்த இடி உறைக்காது. 10 நானோமீட்டர் துகளால் அதைத் தாங்க முடியாது. கீழே விழுவதற்குள் மேலே தள்ளப்பட்டுவிடும். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் இப்படி ஓயாமல் அலைவதை 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் நுண்ணோக்கியில் பார்த்தார். அதனால் அதற்குப் 'பிரவுன் இயக்கம்' என்று பெயர்.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. துகள்கள் எல்லாமே குட்டிக் காந்தங்கள். பக்கத்தில் பக்கத்தில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதைத் தடுக்க ஒலியிக் அமிலம் உதவியது. நம் வீட்டுக் கடலை எண்ணெயின் கொழுப்பிலும் இந்த அமிலம் சேர்ந்திருக்கிறது. அதன் மூலக்கூறு நீளமானது. ஒரு முனை துகளைப் பற்றிக்கொள்ளும். வால் எண்ணெய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படி ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு மெத்தைப் பூச்சு. இரண்டு துகள்கள் நெருங்கினாலும் பூச்சு அவற்றை விலக்கிவிடும்.

இப்போது தம்ளரில் ஊற்றலாம்! இதுதான் காந்தத் திரவம். ஆங்கிலப் புத்தகங்களில் ஃபெர்ரோஃப்ளூயிட் என்று இருக்கும். வழக்கமாகச் செய்கிற திரவத்தில் நூற்றுக்கு 5 பங்குதான் துகள். 10 பங்கு பூச்சு. மீதி 85 பங்கும் எண்ணெய்தான்.

மைதானத்தில் என்ன நடக்கிறது?

இந்தத் திரவத்தின் பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் உள்ளே என்ன நடக்கும்? கண்ணை மூடிக்கொண்டு உன் பள்ளிக்கூட மைதானத்தை நினைத்துக்கொள்.

இடைவேளை நேரம். ஐந்நூறு பிள்ளைகள். ஒருவர் கிழக்கே பார்க்கிறார், ஒருவர் மேற்கே. ஒருவர் ஓடுகிறார், ஒருவர் குதிக்கிறார். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எந்தத் திசையிலும் முகங்கள் கூடுதலாக இல்லை.

மணி அடிக்கிறது. எல்லாரும் கொடிக்கம்பத்தைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

மணி நின்றது. மறுபடியும் பழைய ஆட்டம்.

இப்போது பொருத்திப் பார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துகள். முகம் வடமுனை, முதுகு தென்முனை. மணியோசைதான் காந்தப்புலம். பிள்ளைகளின் துள்ளல்தான் சூடு. முகமும் முதுகுமாக இப்படி இரண்டு முனை உள்ளதை 'இருமுனை' என்று சொல்வோம். பூச்சு எதற்கு? பிரார்த்தனையில் உடற்கல்வி ஆசிரியர் "கை இடைவெளி விட்டு நில்!" என்பாரே, அதற்கு.

புரிகிறதா? சரி, உன்னை மூன்று கேள்வி கேட்கிறேன்.

முதல் கேள்வி. மணியை மெதுவாகத் தட்டினால் என்ன ஆகும்? சிலர்தான் திரும்புவார்கள். அதே மாதிரி, பலவீனமான காந்தம் கொஞ்சம் துகள்களைத்தான் வரிசைப்படுத்தும்.

இரண்டாவது கேள்வி. எல்லாரும் திரும்பிவிட்ட பிறகு இன்னும் பலமாக அடித்தால்? ஒன்றும் ஆகாது. திரும்ப இனி யாரும் பாக்கி இல்லையே! காந்தத் திரவமும் அப்படித்தான். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு பலமான காந்தம் வந்தாலும் அதன் காந்தத்தன்மை கூடாது. இதைச் 'செறிவு நிலை' என்பார்கள்.

மூன்றாவது கேள்வி. பிள்ளைகள் அதிகம் துள்ளினால்? மணியைக் கேட்பவர்கள் குறைவார்கள். திரவத்தைச் சூடாக்கினால் காந்தத்துக்கு அது மசிவதும் குறையும்.

எவ்வளவு மணிக்கு எத்தனை பேர் திரும்புவார்கள் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாஞ்செவன் 1905-இல் அந்தக் கணக்கைப் போட்டார். காந்தத் திரவம் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலே முன்னால்! அவர் வாயுக்களுக்காகப் போட்ட கணக்கு, பிற்காலத்தில் இந்தக் கறுப்புத் திரவத்துக்கும் பொருந்தியது.

துகள் திரும்புவதில் இரண்டு வகை உண்டு. உடம்போடு திரும்புவது ஒரு வகை. உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்புவது இன்னொரு வகை. துகள் அப்படியே நிற்க, அதற்குள் இருக்கும் காந்தத் திசை மட்டும் புரண்டுகொள்ளும். இதை விளக்கியவர் லூயி நீல். 1970-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம், கவனி. மைதானம் முழுக்க மணியோசை ஒரே அளவில் கேட்டால் பிள்ளைகள் திரும்பி நிற்பார்கள், அவ்வளவுதான். யாரும் ஓட மாட்டார்கள். ஒரு பக்கம் ஓசை பலமாக இருந்தால்தான் அந்தப் பக்கம் ஓடுவார்கள். காந்தப்புலமும் அப்படியே. எங்கும் ஒரே அளவாக இருந்தால் துகள் திரும்பும். ஒரு பக்கம் பலமாக இருந்தால்தான் திரவம் அந்தப் பக்கம் இழுபடும். பேப்பலுக்கு வேண்டியிருந்தது இந்த இழுப்புதான்.

முட்கள் முளைக்கும் குளம்

ஒரு தட்டில் காந்தத் திரவத்தை ஊற்றி, அடியில் மெல்ல மெல்லக் காந்தப் பலத்தைக் கூட்டு. முதலில் ஒன்றும் தெரியாது. மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். ஒரு அளவைத் தாண்டியதும், திடீரென்று கூம்பு கூம்பாக முட்கள் எழும்பும்! ஒவ்வொரு முள்ளையும் சுற்றி ஆறு முட்கள் ஒழுங்காக நிற்கும். காந்தத்தை எடுத்தால் முட்கள் மறையும்.

இது எப்படி? மூன்று பேர் சண்டை. காந்தப்புலம் திரவத்தை மேலே எழுப்பப் பார்க்கிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. மேற்பரப்பு இழுவிசை பரப்பை விரியவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. காந்தப்புலம் பலவீனமாக இருக்கும்வரை மற்ற இருவருக்கும்தான் வெற்றி. எல்லை தாண்டியதும் காந்தப்புலம் ஜெயித்துவிடும். மூவரும் சமாதானமாகும் வடிவம்தான் முள். அமெரிக்காவில் கௌலி, ரோசன்ஸ்வைக் என்ற இருவர் 1967-இல் இதைக் கணக்கோடு விளக்கினார்கள். ஜப்பானியக் கலைஞர் சச்சிகோ கொடாமா இந்த முட்களை வைத்தே அசையும் சிற்பங்கள் செய்தார்.

பேப்பலின் யோசனை ராக்கெட்டில் ஏறவில்லை. ஆனால் திரவம் பூமியில் நிறைய வேலை தேடிக்கொண்டது. சில ஸ்பீக்கர்களில் கம்பிச்சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் இது இருக்கிறது. ஒழுகிப் போகாது, ஏன் தெரியுமா? ஸ்பீக்கரின் காந்தமே பிடித்துவைத்திருக்கிறது! சுருளின் சூட்டை வெளியே கடத்துவது அதன் வேலை. கணினிச் சில்லுகள் செய்யும் ஆலைகளில், சுழலும் தண்டுகளைச் சுற்றி இந்தத் திரவம் வளையமாக நிற்கும். தண்டு சுழலும், ஆனால் காற்று உள்ளே நுழையாது.

மருத்துவர்களும் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மூளைக் கட்டிக்குள் இத்தகைய திரவத்தைச் செலுத்தி, வெளியிலிருந்து காந்தப்புலத்தை மிக வேகமாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஓயாமல் புரண்ட துகள்கள் சூடாகி, கட்டியைத் தாக்கின.

நம் கல்பாக்கத்திலும் இதை ஆராய்கிறார்கள். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், காந்தப்புலத்தில் இந்தத் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்போது அந்தச் சங்கிலி வழியே வெப்பம் எளிதாகப் போவதை அளந்து காட்டினார்கள்.

துகள் பெரிதானால்?

இப்போது கொஞ்சம் மாற்றி யோசிப்போம். துகளை இவ்வளவு பொடியாக்காமல் ஆயிரம் நானோமீட்டர் அல்லது அதற்கு மேலே விட்டுவைத்தால்?

மைதானத்துக்கே போவோம். இந்த முறை நிற்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மார்கள். ஆளும் பெரிது, துள்ளலும் குறைவு. மணி அடித்ததும் திரும்புவதோடு நிற்கவில்லை. முன்னால் இருப்பவர் தோளைப் பின்னால் இருப்பவர் இறுகப் பற்றிக்கொள்கிறார். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வரிசை வரிசையாகச் சங்கிலி. குறுக்கே யாராவது ஓட முடியுமா? முடியாது.

திரவத்திலும் இதேதான் நடக்கும். ஒரு துகளின் வடமுனை அடுத்த துகளின் தென்முனையைப் பிடிக்கும். சங்கிலிகள் குறுக்கே நிற்பதால் ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் கெட்டியாகிவிடும். எவ்வளவு நேரத்தில்? ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு போதும். காந்தத்தை அணைத்தால் மறுபடியும் ஓடும்.

அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ என்பவர் 1940-களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தார். இன்று சில கார்களின் ஷாக் அப்சார்பரில் இது வேலை செய்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மின்காந்தம் முடுக்கப்படும். திரவம் வேண்டிய அளவுக்குக் கெட்டியாகி ஆட்டத்தை அடக்கும். சீனாவின் டோங்டிங் ஏரிப் பாலத்தில், காற்றில் அதிரும் கம்பிவடங்களை அடக்கவும் இதே திரவம்தான்.

அளவு மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது, கவனித்தாயா? பொடித் துகளிடம் சூடும் புலமும் சமமாகப் போட்டி போடுகின்றன. பெரிய துகளிடம் சூடு தோற்றுவிடுகிறது.

அப்படியானால் துகளை இன்னும் பொடியாக்கினால் சூடு ஜெயிக்குமா? அடடா, நான் கேட்கப்போனதை நீயே கேட்டுவிட்டாய்!

தண்ணீருக்கும் இரண்டு முனை

நானோ துகளைவிடப் பொடியானது எது? மூலக்கூறு. ஒரு தண்ணீர் மூலக்கூறையே எடுத்துக்கொள். நடுவில் ஆக்சிஜன், இருபக்கமும் ஹைட்ரஜன். ஆனால் மூன்றும் நேர்கோட்டில் இல்லை. 104.5 டிகிரிக் கோணத்தில் வளைந்திருக்கும். ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின். ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். இதுவும் ஒரு இருமுனைதான். காந்த இருமுனைக்குப் பதில் மின் இருமுனை.

இதற்கு அடிக்க வேண்டிய மணி வேறு. காந்தப்புலம் இல்லை, மின்புலம். ஆனால் கணக்கு அதேதான்! நெதர்லாந்தில் பிறந்த பீட்டர் டிபை 1912-இல் லாஞ்செவனின் கணக்கை எடுத்து மின் இருமுனைகளுக்குப் பொருத்திக் காட்டினார். 1936-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

கணக்கு என்ன சொல்கிறது? தண்ணீர் மூலக்கூறு மைதானத்தில் இருக்கும் எல்.கே.ஜி. வாண்டு. ஆள் சின்னது, துள்ளலோ மலையளவு! மணியை அது காதில் வாங்குவதே அபூர்வம். சாதாரண மின்புலத்தில் மிக மிகக் கொஞ்சம்தான் சாயும். சூட்டுக்கே வெற்றி. ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணீரில் கோடி கோடி மூலக்கூறுகள் இருப்பதால், அந்தக் கொஞ்சச் சாய்வும் கூடிப் பெரிதாகிறது.

அதைப் பயன்படுத்துகிற பெட்டியை நீ பார்த்திருப்பாய். மைக்ரோவேவ் அடுப்பு! அதற்குள் மின்புலம் ஒரு நொடியில் 245 கோடி முறை இப்படியும் அப்படியுமாக அலைகிறது. கொடிக்கம்பம் இடமும் வலமும் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் என்ன பாடுபடுவார்கள்? திரும்பி முடிப்பதற்குள் "அந்தப் பக்கம்!" என்று மணி. பக்கத்தில் இருப்பவரை இடித்து, தள்ளி, மைதானமே அமளிதுமளி. தண்ணீர் மூலக்கூறுகள் இப்படி ஒன்றையொன்று இடிப்பதுதான் சோற்றைச் சுட வைக்கிறது.

பனிக்கட்டியை வைத்தால் ஏன் சீக்கிரம் சூடாவதில்லை? அங்கே மூலக்கூறுகள் படிகத்துக்குள் பிடிபட்டிருக்கின்றன. மணி கேட்டாலும் திரும்ப இடமில்லை.

கைகோத்தால் பலம்

"வாண்டுகளைத் திருப்பவே முடியாதா?" என்று கவலைப்படாதே. ஒரு வழி உண்டு. எல்லாரையும் கைகோத்து நிற்க வை. நாலு பேர் திரும்பினால் மற்றவர்களும் இழுபட்டுத் திரும்புவார்கள். மெல்லிய மணியே போதும்.

இப்படிக் கைகோக்கும் மூலக்கூறுகள் உண்மையில் உண்டு. அவைதான் திரவப் படிகங்கள். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரெட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து கிடைத்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178.5 டிகிரியில் மறுபடியும் உருகித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? அவர் திகைத்தார். அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். ஓடும், ஆனால் அதன் நீள நீள மூலக்கூறுகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்.

உன் அப்பாவின் கால்குலேட்டரில் எண்கள் கறுப்பாகத் தெரிகின்றனவே, அது இவற்றின் வேலைதான். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம். மூலக்கூறுகள் சுற்று மாடிப்படி போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அடுக்கப்பட்டிருக்கும். ஒளி அந்த முறுக்கோடு திரும்பி வெளியே வந்துவிடும். சில வோல்ட் மின்சாரம் கொடுத்தால் போதும், மூலக்கூறுகள் மின்புலத்தைப் பார்த்து நிமிர்ந்துவிடும். முறுக்கு போகும். ஒளி அடைபடும். அந்த இடம் கறுக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் பழைய முறுக்கு.

இந்தத் துறையில் நம்மவர் ஒருவரின் பெயர் உலகப் புகழ் பெற்றது. சர் சி. வி. ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். அதுவரை அறிந்த திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் எல்லாம் நீளமானவை. வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-இல் பெங்களூருவின் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் அவரும் அவர் தோழர்களும் கண்டுபிடித்தார்கள். நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன். குழப்பிக்கொள்ளாதே!

மறக்காத திரவம்

இதுவரை பார்த்த எல்லாத் திரவமும் மறதிக்காரர்கள். மணி நின்றால் கலைந்துவிடுவார்கள். கலையாமல் நிற்கும் திரவம், அதாவது காந்தத்தை எடுத்த பிறகும் தானே காந்தமாக இருக்கும் சொட்டு, உண்டா?

2019-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தாமஸ் ரசல் குழுவினர் அப்படி ஒன்றைச் செய்துவிட்டார்கள். சொட்டின் மேற்பரப்பில் காந்தத் துகள்களை நெருக்கி நெருக்கி நிறுத்தினார்கள். பள்ளி வாசலில் கூட்டம் முண்டியடித்தால் யாராலும் திரும்ப முடியாதல்லவா? அதே கதைதான். ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டால், துகள்கள் இடநெருக்கடியால் அப்படியே நின்றுவிடுகின்றன. சொட்டோ திரவமாகவே இருக்கிறது. வடிவம் மாறினாலும் காந்தத்தன்மை போவதில்லை.

ஆக, காந்தத்தைத் தம்ளரில் ஊற்ற முடியும். உருக்கி இல்லை, பொடித்து!

செய்து பார்

காந்தத் திரவம் வீட்டில் செய்வது கஷ்டம். அதன் மின்சாரத் தம்பியைச் சமையலறையிலேயே செய்யலாம். அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிவிட்டு ஆரம்பி.

வேண்டியவை: கார்ன் ஃப்ளார் மாவு, சமையல் எண்ணெய், ஒரு பலூன், ஒரு கரண்டி.

மாவையும் எண்ணெயையும் குழம்புப் பதத்துக்குக் கலக்கு. பலூனை ஊதி, எண்ணெய் தடவாத தலைமுடியில் நன்றாகத் தேய். கரண்டியில் கலவையை எடுத்து மெல்ல ஒழுகவிடு. ஒழுகும் கலவைக்குப் பக்கத்தில், தொடாமல், பலூனைக் கொண்டுபோ.

என்ன பார்த்தாய்? கலவை பலூன் பக்கம் சாய்ந்து, கெட்டிப்பட்டு, ஒழுக மறுக்கும். பலூனின் மின்புலம் ஒவ்வொரு மாவுத் துகளையும் இருமுனையாக்குகிறது. துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. அண்ணன்மார்கள் தோளைப் பற்றி நின்ற அதே கதை, இந்த முறை மின்சாரத்தில். பலூனை விலக்கினால் மறுபடியும் ஒழுகும்.

மழை நாளில் செய்யாதே. காற்றில் ஈரம் இருந்தால் பலூனில் மின்னூட்டம் தங்காது. முதல் தடவை சரியாக வரவில்லை என்றால் எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் பார். எந்தப் பதத்தில் நன்றாக வருகிறது என்று நோட்டில் எழுதி வை. விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான்.

யோசித்துப் பார்

கடைசியாக உனக்கு ஒரு புதிர். நம் ஊரில் பாத்திரத்தில் தண்ணீரைச் சுட வைத்தால் சுடுநீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே வரும். எடை தெரியாத விண்வெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. அதனால் இந்தச் சுழற்சி நடக்காது.

இப்போது விண்வெளியில் ஒரு பெட்டி நிறையக் காந்தத் திரவம். பெட்டியின் ஒரு சுவர் சூடு, எதிர்ச் சுவர் குளிர்ச்சி. சூடான சுவருக்குப் பின்னால் ஒரு காந்தத்தை வைக்கிறேன். பம்பு கிடையாது. திரவம் தானாகச் சுற்றுமா, சுற்றாதா?

ஒரு துப்பு தருகிறேன். சூடான பிள்ளைகளா, குளிர்ந்த பிள்ளைகளா, யாருக்கு மணி நன்றாகக் கேட்கும்?

சுற்றும் அல்லது சுற்றாது என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஏன் என்பதை மூன்று வரியில் எழுது. எனக்கு அந்த மூன்று வரிதான் வேண்டும்.